அவசரப் போனுக்குக் குறைந்த செலவில் ஒரு சிம்

எப்போதாவது எடுக்கும் இரண்டாவது போனுக்கு சிம் தேடும்போது பலரும் சிம்மின் விலையைக் கேட்கிறார்கள். குடை போட்டு விற்பவர்களிடம் அது இலவசமாகவே கிடைக்கும். பணம் போவது அதன் பிறகுதான். அந்த நம்பர் ஒரு வருஷம் அறுந்துபோகாமல் இருக்க எவ்வளவு ஆகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 199 ரூபாய் பேக்கை அப்படிப் போட்டால் 2,587 ரூபாய். டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 1,849 ரூபாய்க்கு 365 நாளும், ஜியோ 1,748 ரூபாய்க்கு 336 நாளும் கொடுத்தன. மேலோட்டமாகப் பார்த்தால் ஜியோ மலிவு. ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஏர்டெல் 5 ரூபாய் 7 காசு, ஜியோ 5 ரூபாய் 20 காசு. பி.எஸ்.என்.எல்.லின் 365 நாள் பேக் அப்போது 1,198 ரூபாயாக இருந்தது, அதாவது நாளுக்கு 3 ரூபாய் 28 காசு; மாதம் 300 நிமிடம் பேச முடிந்தது. சும்மா கிடக்கும் போனுக்கு அது தாராளம். விலையும் நாளும் அடிக்கடி மாறுவதால், கடைக்குப் போகும் அன்று கம்பெனியின் ஆப்பில் பார்த்து, விலையை நாளால் வகுத்துக்கொள்ளுங்கள்.

“20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் சிம் சாகாது” என்ற பேச்சில் பாதிதான் சரி. 2013-ல் வந்த டிராய் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் கம்பெனி நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும். எடுத்த பிறகும் மீட்க 15 நாள் அவகாசம் உண்டு. ஆனால் இது நம்பர் வேறு ஆளுக்குப் போகாமல் காக்கும் விதி. வேலிடிட்டி முடிந்ததும் முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும், பேங்க் ஓடிபியும் வராது. ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் போனை 20 ரூபாயை நம்பி விடாதீர்கள்.

எந்தக் கம்பெனி என்பதை உங்கள் ஊர் டவர் முடிவு செய்யட்டும். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரில் நன்றாக எடுப்பது தொண்டியிலோ மூக்கையூரிலோ எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கும் போனில் மொபைல் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து, தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்துத் தேடவிட்டால், அந்த இடத்தில் எட்டும் கம்பெனிகள் எல்லாம் பட்டியலாக வரும். அவற்றின் சிம் தேவையில்லை. வீட்டின் உள் அறையிலும் கரையிலும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். சிக்னலின் பலம் அதில் தெரியாது என்பதால், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனை வாங்கி ஒரு நிமிடம் பேசிப் பார்ப்பது நல்லது. முதல் போனில் இருக்கும் கம்பெனியையே இரண்டாவதிலும் போடக் கூடாது. வாடைக்காலப் புயலில் ஒரு கம்பெனி டவர் கரண்ட் இல்லாமல் நின்றால் இரண்டு போனும் ஒன்றாக ஊமையாகிவிடும்.

அடுத்தது போன். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ எடுக்கவே எடுக்காது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஜியோபாரத் போனில் வேறு சிம் போட முடியாது. பேண்ட் என்பது சிக்னல் வரும் அலைவரிசை; பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் (பேண்ட் 28) 2100-லும் (பேண்ட் 1) ஓடுகிறது. விலை குறைந்த பழைய 4ஜி போன்கள் பலவற்றில் பேண்ட் 28 இல்லை. சிம் நன்றாக இருந்தும் வீட்டுக்குள் சிக்னல் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாடல் பெயரைப் போட்டுத் தேடி, பேண்ட் பட்டியலைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வாங்கும்போது ஆதாரோடு நீங்களே போங்கள். ஒரு பெயரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். கைரேகை “விழவில்லை” என்று மறுபடி வைக்கச் சொன்னால், காரணம் கேட்டுத் திரையைப் பார்த்த பிறகே விரலை வையுங்கள். இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்துவிடும் மோசடி நடக்கிறது. சில நாள் கழித்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்து, தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். யார் பெயரிலோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

தனுஷ்கோடிப் பக்கமும் கடலிலும் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கப் பார்க்கும். இன்டர்நேஷனல் ரோமிங் போட்டிருந்தால் காசு போகும். போடாவிட்டாலும் போன் ஓயாமல் டவர் தேடி பேட்டரியைத் தின்னும். நெட்வொர்க் தேர்வை மேனுவலாக்கி உங்கள் கம்பெனியையே வைத்து, டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். படகில் கொண்டுபோகிறவர்கள் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பதிந்து வைக்கலாம். 2ஜி டவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சாதாரண அமைப்பில் சுமார் 35 கிலோமீட்டருக்கு மேல் பேச விடாது. அதனால் விஎச்எஃப் செட்டை (படகில் பேசும் வயர்லெஸ் கருவி) வீட்டில் விட்டுவிட்டுப் போனை மட்டும் எடுத்துப் போவது ஆபத்து.

உப்புக்காற்றில் சிம்மைத் தொடும் கம்பிகளில் களிம்பு பிடித்துவிடும். போனை ஜிப் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேட்டரி பாதி சார்ஜில் இருக்கட்டும். முழுச் சார்ஜில் சூட்டில் கிடந்தால் வீங்கலாம், முழுதும் இறங்கிக் கிடந்தால் மறுபடி ஏறாமல் போகலாம். மாதம் ஒருநாள் ஆன் செய்து, ஒரு நம்பருக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்கமிங் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும், 90 நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும்.

வருஷ ரீசார்ஜை ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன், கையில் காசு இருக்கும்போதே போட்டுவிடுவது படகுக்காரர்களுக்குத் தோதாக இருக்கும். சிம் கெட்டுப்போனால் ஆதாரோடு போய் அதே நம்பரில் மாற்று சிம் வாங்கலாம். ஆனால் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, 7 நாளுக்கு வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யவும் முடியாது. பேங்க் வேலை இருக்கும் நாளில் சிம்மை மாற்றாதீர்கள்.