வாயுக் கணக்கு எங்கே தப்புகிறது: சொத்து மேலாண்மை மென்பொருளை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களுக்கு 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு வந்தது. ஏசி, சில்லர் போன்றவற்றில் ஓடும் எச்எஃப்சி (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) குளிரூட்டி வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் அதே உடன்பாட்டில் கிகாலி திருத்தம் சேர்ந்தது. மின் இணைப்பைத் துண்டித்துச் சேர்க்கும் ஸ்விட்ச்கியருக்குள் இருக்கும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயு, 1997-இன் கியோட்டோ நெறிமுறைப் பட்டியலிலேயே இருக்கிறது. இவற்றை ஒட்டி வந்த விதிகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை கிலோ வாங்கினீர்கள், எத்தனை கிலோ எந்த இயந்திரத்துக்குள் போனது, மீதி எங்கே? நாமோ மேசை, மடிக்கணினி, பம்ப் ஆகியவற்றை எண்ணுவதற்காகச் செய்த மென்பொருளில் வாயுவையும் அதே மாதிரி எண்ணத் தொடங்கிவிடுகிறோம். மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சிலிண்டர் என்பது பாத்திரம். வாயு அதற்குள் இருக்கும் பொருள். சில்லரோ (கட்டடத்தைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்) ஸ்விட்ச்கியரோ அந்தப் பொருள் போய்ச் சேரும் இடம். இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன ஒவ்வொரு கிலோவும் ஒரு பரிவர்த்தனையாகப் பதிவாக வேண்டும். சிலிண்டரை மட்டும் சொத்தாகப் பதிந்து, அதற்கு ‘நிரம்பியது’, ‘பயன்பாட்டில்’, ‘காலி’ என்று மூன்று நிலை கொடுத்த ஓர் அமைப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலி என்று குறித்த சிலிண்டர்களை ஆண்டு முடிவில் எடை போட்டால், பலவற்றில் ஒன்றிரண்டு கிலோ அடியில் தங்கியிருந்தது. கணக்கில் அந்த வாயு முழுவதும் இயந்திரத்துக்குள் போனதாக நின்றது. எங்கே கசிந்தது, எங்கே கசியவில்லை என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அளவைப் பதிய அழுத்தத்தைக் கேட்கும் ஃபீல்டு வைப்பதும் இதே வகைதான். திரவமாக அடைக்கப்பட்ட வாயுவின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. உள்ளே ஒரு துளி திரவம் இருக்கும் வரை, சிலிண்டர் முக்கால் நிறைந்திருந்தாலும் கால் நிறைந்திருந்தாலும் அழுத்தமானி (கேஜ்) ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே ஃபீல்டு எடையைத்தான் கேட்க வேண்டும்: சிலிண்டரின் வெற்று எடை, வேலைக்கு முன் மொத்த எடை, வேலைக்குப் பின் மொத்த எடை. 23.9 கிலோவாகப் போன சிலிண்டர் 17.4 கிலோவாகத் திரும்பினால் 6.5 கிலோ போயிருக்கிறது. கழித்தலை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும், டெக்னீஷியன் மனக்கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது கசிவு விகிதம், அதாவது ஓர் ஆண்டில் சேர்க்க வேண்டிவந்த வாயு இயந்திரத்தின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்பது. இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் முழுக் கொள்ளளவு, அதாவது முழு சார்ஜ் எத்தனை கிலோ என்ற ஃபீல்டை விருப்பத்துக்கு விட்டுவிட்டால் அது காலியாகவே கிடக்கும். அது இல்லாமல் விகிதமே கிடையாது. கொள்ளளவு இருந்தாலும், முதல் சார்ஜையும், பிறகு குறைந்ததை ஈடுகட்டச் செய்யும் டாப்-அப்பையும் ஒரே பரிவர்த்தனை வகையில் பதிந்தால், புது சில்லர் முதல் நாளே 100% கசிந்ததாக அறிக்கை வரும். அதைப் பார்த்து அலுத்துப்போனவர்கள் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்கள். உண்மையான கசிவு அப்புறம் யார் கண்ணிலும் படாது.

எந்தச் சூத்திரம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 40 கிலோ சார்ஜ் உள்ள புது சில்லர், ஓடத் தொடங்கி 180 நாள் கழித்து முதல் டாப்-அப்பாக 3.6 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடந்த 365 நாளில் சேர்த்ததை அப்படியே கூட்டினால் 9%. அதே வேகத்தை முழு ஆண்டுக்கு நீட்டினால் சுமார் 18%. அமெரிக்க விதி இந்த இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. ஆனால் ஓர் ஆலைக்குள் எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே முறைதான். கட்டடக் குளிரூட்டலுக்கு அங்கே வரம்பு 10%. ஒரு முறையில் இந்த சில்லருக்குப் பிரச்சினையே இல்லை, மற்றதில் பழுதுபார்க்கும் கடமை உடனே தொடங்குகிறது. இதை மென்பொருள் விற்றவர் வைத்த இயல்பு அமைப்பின் கையில் விடக் கூடாது.

வாயுவின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒரே எச்எஃப்சி குளிரூட்டியை ‘410ஏ’, ‘ஆர்410’, ‘ஆர்-410ஏ’ என்று மூன்று விதமாக எழுதினால் அவை மூன்று வாயுக்களாகக் கணக்கில் உட்காரும். டிராப்டவுன் போதும். கிலோவும் பவுண்டும் கலப்பதும் அப்படித்தான்: உள்ளே சேமிப்பது ஒரே அலகில், காட்டும்போது வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

புவி வெப்பமாக்கும் திறன் எண்ணை, அதாவது ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்ற எண்ணை, சூத்திரத்துக்குள் நேரடியாக எழுதி வைப்பது இன்னும் ஆழமான தவறு. எஸ்எஃப்6-க்கு, காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 4-ஆம் அறிக்கை கொடுத்த எண் 22,800, 5-ஆவது 23,500, 6-ஆவது 24,300. வெறும் 40 கிலோ வாயு 4-ஆம் அறிக்கைப்படி 912 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், 6-ஆவதின்படி 972 டன். எந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று உங்களுக்குப் பொருந்தும் விதியே சொல்லும்; அது மாறவும் செய்யும். அதனால் வாயு, எண், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற மூன்று நெடுவரிசை கொண்ட தனி அட்டவணை வையுங்கள். பழைய ஆண்டின் அறிக்கையை மறுபடி எடுத்தால் பழைய எண்ணே வர வேண்டும். ஐரோப்பாவில் எச்எஃப்சி உள்ள இயந்திரங்களுக்குக் கசிவுச் சோதனை வரம்பு 5 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவில் தொடங்குகிறது. ஆர்-410ஏ என்றால் அது சுமார் 2.4 கிலோ. 50 கிலோவுக்கு மேல் உள்ளதைத்தான் பதிவோம் என்று வடிகட்டி வைத்த மென்பொருள் அந்தச் சிறிய இயந்திரங்களைப் பார்க்கவே பார்க்காது.

இயந்திரத்திலிருந்து மீட்டெடுத்த வாயுவைப் புதுச் சரக்கோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். அதற்குத் தனி நிலை, தனி சிலிண்டர். இரண்டு வாயுக்கள் ஒரே மீட்புச் சிலிண்டரில் கலந்துவிட்டால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது பெரும்பாலும் இயலாது. அந்தச் சிலிண்டர்களை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவும் கூடாது. இரண்டையும் மென்பொருளே தடுக்கும்படி அமைக்கலாம்: சிலிண்டரில் ஏற்கெனவே உள்ள வாயுவும் வரும் வாயுவும் வேறு என்றால் பதிவு ஏறக் கூடாது.

இயந்திரத்தைப் பயன்பாட்டிலிருந்து கழித்துவிடும் நாளும் முக்கியம். ‘கழிக்கப்பட்டது’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்த 40 கிலோவும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். மீட்ட எடை பதியப்படாமல் அந்தப் பொத்தான் வேலை செய்யாதபடி வையுங்கள். தவறாகப் பதிந்ததை அழிக்கும் உரிமையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்; தவறை ஈடுசெய்யும் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தட்டும், காரணமும் பெயரும் தேதியும் அதிலேயே இருக்கட்டும்.

இத்தனையும் சரியாக அமைத்து, டெக்னீஷியனுக்கு 25 ஃபீல்டு கொண்ட படிவத்தைக் கொடுத்தால் எல்லாம் வீண். கையுறையோடு கூரை மேல் நிற்பவர் அதை நிரப்ப மாட்டார்; சாயங்காலம் ஞாபகத்திலிருந்துதான் நிரப்புவார். இயந்திரத்தின் பார்கோடு, சிலிண்டரின் பார்கோடு, முன் எடை, பின் எடை, என்ன வேலை என்று ஐந்தைக் கேளுங்கள். மிச்சத்தை மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்ளும். கூரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் இணையம் இல்லாமலும் அந்தப் படிவம் திறக்கிறதா என்று முதல் நாளே மேலே ஏறிச் சோதித்துப் பாருங்கள்.