காரின் முன் சக்கர பிரேக் டிஸ்க், பேடு மாற்றுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

மதுரையில் கார் வைத்திருப்பவர்கள் எப்படியும் கொடைக்கானலுக்கோ சிறுமலைக்கோ ஒரு தடவை வண்டியை ஏற்றிவிடுவார்கள். ஏறுவது எஞ்சின் பாடு, இறங்குவது பிரேக்கின் பாடு. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும்போது, பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடுகள் அழுத்திப் பிடிக்கின்றன; வண்டியின் வேகம் டிஸ்க்கில் சூடாக மாறுகிறது. தேய்ந்து மெலிந்த டிஸ்க்கில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவு. அதனால்தான் கோரிப்பாளையம் சிக்னலில் நன்றாகப் பிடிக்கிற பிரேக், மலையிறக்கத்தில் பிடிக்காமல் போகிறது.

இங்கே சொல்வது சாதாரண சிறிய கார்களின் முன் சக்கரத்துக்கு. பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக் பட்டனில் இயங்குகிற கார் என்றால் பின்பக்கத்தை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குக் காரின் கணினியோடு இணைக்கிற ஸ்கேனர் வேண்டும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

பேடில் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பகுதி மட்டும்தான் கணக்கு. புதிதில் அது சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும்; பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். கத்தல் போய் கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் இரும்பும் இரும்பும் உரசுகிறது. அதற்குப் பிறகு வண்டியை ஓட்ட வேண்டாம்.

டிஸ்க்குக்கு அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். விளிம்பிலோ நடுப் பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் இவ்வளவு என்று மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது புதிய தடிமனைவிட சுமார் 2 மி.மீ. குறைவாக இருக்கும். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேடு தொடாத ஓரம் தேயாமல் வரம்பு போல நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியின் தாடை அந்த வரம்பில் உட்கார்ந்தால் டிஸ்க் நன்றாக இருப்பதாகத் தப்பாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அளந்துவிட்டு, நாணயங்களின் தடிமனைக் கழித்தால் சரியான அளவு கிடைக்கும்.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கடைந்த பிறகும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேல் தாராளமாக இருந்தால் சரி. அந்த அளவை ஒட்டி இருக்கிற டிஸ்க்கைக் கடைவது, மெலிந்ததை இன்னும் மெலிய வைப்பதுதான்.

வாங்கவும் எடுத்து வைக்கவும்

டிஸ்க் எப்போதும் ஜோடியாக, பேடு நான்கும் ஒரே செட்டாக. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும்போது ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணைக் கொண்டுபோங்கள். ஒரே பெயருள்ள காரிலும் வருடத்துக்கு வருடம் டிஸ்க் அளவு மாறும்.

ஜாக்கி, ஸ்டாண்டு இரண்டு, வீல் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளமான ராடு, சி கிளாம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ், பனியன் வேஸ்ட், முகக் கவசம். போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் யாரிடமாவது கிடைத்தால் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

தூக்கி நிறுத்துவது

காலையிலேயே தொடங்குங்கள். கத்திரி வெயிலில் தார் ரோடு இளகும், ஜாக்கியும் ஸ்டாண்டும் அதில் இறங்கும். மண் தரையிலும் இதே கதை. சிமெண்ட் தரை இல்லையென்றால் அடியில் கனமான பலகை போடுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொண்டு, அப்புறம் தூக்குங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் கல் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாரம் ஏறினால் அவை திடீரென நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

கழற்றுவது

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பிடிதான் காலிப்பர்; அதற்குள் இருக்கும் பிஸ்டன்தான் தள்ளுகிறது. காலிப்பரின் பின்னால் இரண்டு போல்ட் இருக்கும், பெரும்பாலும் 12 அல்லது 14 மி.மீ. ஸ்பேனர் அளவு. அவற்றைக் கழற்றிக் காலிப்பரை எடுத்து, ஒரு கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வருகிற ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் தொங்க விடக்கூடாது. உள்ளே கிழிந்தாலும் அது வெளியே தெரியாது.

பேடுகளை எடுத்ததும் குப்பையில் போடாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பக்கப் பேடு ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர், தான் நகர்வதற்கான கைடு பின் எனும் கம்பிகளின் மேல் சரியாக நகரவில்லை. இதைக் கவனிக்காமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

அடுத்து, பேடுகளைத் தாங்கியிருந்த பிராக்கெட். இதன் இரண்டு போல்ட்டும் நல்ல இறுக்கத்தில் இருக்கும், ராடை நீட்டித்தான் திறக்க வேண்டும். பிறகு டிஸ்க். சில கார்களில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால், அதன் முகத்தில் மரையுள்ள சின்னத் துளை இரண்டு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் இறங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வந்துவிடும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வீல் பேரிங்குக்குக் கேடு.

பிரேக் தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊதாதீர்கள். பழைய பேடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிளீனர் அடித்து ஈரத்தோடு துடையுங்கள்.

அவசரப்படக்கூடாத இடம்

இந்த வேலையில் நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப் பகுதியான ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டு மேலே புது டிஸ்க்கை வைத்தால், டிஸ்க் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்து சுழலும். ஓடஓட அது ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். 'டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற கேஸ்களில் பலவற்றுக்குக் காரணம் இந்தத் துருதான். சக்கர போல்ட்டைச் சுற்றியுள்ள மூலைகள் வரை கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு, விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாத வரை தேயுங்கள்.

அடுத்து கைடு பின்கள். ரப்பர் உறையோடு மெல்ல இழுத்து எடுத்து, பழைய கிரீஸை முழுதும் துடைத்து, சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப் பின் இறுகிவிடும். மாட்டிய பிறகு விரலால் தள்ளினாலே பின் போய்வர வேண்டும். சில கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறு வேறு, இடம் மாற்றாதீர்கள். பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தையும் சுரண்டி, செட்டோடு வந்த புதுக் கிளிப்பைப் போடுங்கள்.

மாட்டுவது

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரண்டு பக்கமும் கிளீனர் போட்டுத் துடையுங்கள், அதற்குப் பிறகு எண்ணெய்க் கை படக்கூடாது. டிஸ்க், பிராக்கெட், பேடு என்ற வரிசையில் மாட்டுங்கள். கத்துகிற தகடு உள்ள பேடு பழையது இருந்த இடத்துக்கே போக வேண்டும்.

புதுப் பேடு தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்துங்கள்; ஆயில் மேலே ஏறும், நிறைய இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயிண்டில் சிந்தினால் பெயிண்டு உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக முறுக்குங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலோ ஈரம் கசிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

காலிப்பரைப் பேடுகளின் மேல் மாட்டி, பிராக்கெட், காலிப்பர் போல்ட்டுகளை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சக்கர நட்டை எதிரெதிராக மாற்றி இறுக்க வேண்டும்.

நகர்த்தும் முன்

வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரை வரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. கெட்டியாகும் வரை சின்னச் சின்னதாக மிதியுங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டி நிற்காது. ஆயில் அளவையும் பார்த்துவிட்டு மூடியை இறுக்குங்கள்.

ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி. மலையிறக்கத்தில் இது பெரிய வித்தியாசம்.

பேடைப் பழக்குவது

விடியற்காலையில், பின்னால் வண்டி வராத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். இடையே கொஞ்சம் ஓடவிட்டு, இப்படி எட்டுப் பத்து முறை. நத்தம் சாலை மேம்பாலம் நேராகக் காலியாகத் தெரிகிறதே என்று அங்கே செய்யாதீர்கள். பின்னால் வருபவர் இதை எதிர்பார்க்க மாட்டார். முடிந்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்தி பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் தடம் டிஸ்க்கில் பதியும்.

முதல் 200 கி.மீ. வரை திடீர் பிரேக்கைத் தவிருங்கள். 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். அப்படியே இரண்டு முன் சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே கைடு பின்னோ பிஸ்டனோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிச் சரிசெய்யும் வரை மலைக்குக் கிளம்ப வேண்டாம்.