திரையில் ஓடும் கமிஷனும் கைக்கு வரும் கமிஷனும்: சொகுசு வீட்டு ஏஜென்ட் ஆக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சல்ஸில் சொகுசு வீடு விற்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றிய ரியாலிட்டி நிகழ்ச்சியான 'செல்லிங் சன்செட்'டை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழகியிருக்கும். ஹாலிவுட் மலைச்சரிவில் ஒரு கண்ணாடி வீடு, நீச்சல் குளத்துக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் முழுக்க விரிந்து கிடக்கும். திரையில் படுக்கையறை எத்தனை, விலை எவ்வளவு என்று எழுத்து வரும். கடைசியாகக் கமிஷன் தொகை. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தத் தொழில் மேல் ஆசை வருகிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தொகையை ஏஜென்ட்டின் வருமானம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடி டாலர் வீடு, மொத்தக் கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் டாலர் வருகிறது. விற்பவர் தரப்பு ஏஜென்ட்டுக்குப் பாதி, வாங்குபவர் தரப்புக்குப் பாதி என்றால் 2.5 லட்சம். அதுவும் நேராக ஏஜென்ட்டின் கணக்கில் விழாது. கலிஃபோர்னியாவில் ஏஜென்ட் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் ஒரு புரோக்கரின், அதாவது அடுத்த நிலை லைசென்ஸ் வைத்திருப்பவரின், கீழ்தான் வேலை செய்ய முடியும். பணம் புரோக்கரிடம் போய், அங்கிருந்துதான் இவருக்கு வரும். புரோக்கர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 1.75 லட்சம். லிஸ்டிங்கில், அதாவது வீட்டை விற்றுத்தரும் பொறுப்பில், இன்னொரு ஏஜென்ட்டும் சரிபாதிக் கூட்டு என்றால் 87,500. போட்டோ, ட்ரோன் வீடியோ, அச்சிட்ட விளம்பரம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஏஜென்ட்டே முன்பணம் போட்டிருப்பார். அப்புறம் வருமான வரி, சுயதொழில் வரி. வீட்டின் விலை ஏற ஏற, சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி விற்பவர் பேரம் பேசுவதும் உண்டு.

மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்க வீட்டு ஏஜென்ட்டுகளின் அமைப்பான ரியல்டர்கள் சங்கம் 2022ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், உறுப்பினர்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஆண்டு வருமானம் 56,400 டாலர். தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களில் நடுவில் நிற்பவருக்கு 9,600 டாலர், அதுவும் செலவைக் கழிப்பதற்கு முன்பு. பெவர்லி ஹில்ஸ் பக்கம் அந்தப் பணம் சில மாத வீட்டு வாடகைக்கே சரியாகிவிடும். ஓராண்டுச் செலவுக்காவது கையில் சேமிப்பு இல்லாமல் இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள். இதைக் கவலையோடுதான் சொல்கிறேன்.

லைசென்ஸ் வாங்குவது பெரிய கஷ்டமில்லை. கலிஃபோர்னியாவில் 135 மணி நேரப் படிப்பு, 150 கேள்விகள் கொண்ட தேர்வு, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பலர் தடுக்கி விழுவது அதற்குப் பிறகுதான். இன்ஸ்டாகிராமில் வீட்டு வீடியோ போடும்போது லைசென்ஸ் எண்ணையும் தன் புரோக்கர் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறார்கள். விளம்பரம் என்றால் இரண்டும் இருந்தாக வேண்டும். வேறொரு ஏஜென்ட்டின் லிஸ்டிங்கை அனுமதி கேட்காமல் தன்னுடையது போலப் போடுவதும் நடக்கிறது. சக ஏஜென்ட்டுகளின் நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. அங்கே கெட்ட பெயர் வந்தால் வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு யாரும் நீங்கள் விற்கும் வீட்டுப் பக்கம் வர மாட்டார்கள்.

அடுத்தது விலை. பெரிய லிஸ்டிங் கையில் இருந்தால் கேமரா தேடி வரும் என்று நினைத்து, விற்பவர் சொல்லும் எந்த விலைக்கும் தலையாட்டுவது இந்தத் துறையின் பழைய வியாதி. லாஸ் ஏஞ்சல்ஸின் பணக்காரப் பகுதியான பெல் ஏரில் 924 பெல் ஏர் ரோடு என்ற வீட்டுக்கு 2017இல் 25 கோடி டாலர் விலை சொன்னார்கள். 2019இல் அது விற்றது 9.4 கோடிக்கு. அதே பெல் ஏரில் 'தி ஒன்' என்ற மாளிகைக்கு ஒரு கட்டத்தில் 50 கோடி என்றார்கள், 2022 ஜனவரியில் 29.5 கோடிக்குச் சந்தைக்கு வந்தது, இரண்டே மாதத்தில் ஏலத்தில் 12.6 கோடிக்குப் போனது. 'செல்லிங் சன்செட்' முதல் சீசன்களில் எல்லோரும் பேசிய ஹில்சைடு அவென்யூ வீடும் கிட்டத்தட்ட 4.4 கோடி கேட்டு, 3.55 கோடிக்குத்தான் முடிந்தது. வீடு விற்காமல் கிடந்தால், வாங்க வருபவர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள். 'ஏன் இத்தனை நாளாக விற்கவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஏஜென்ட்டின் நாள் போய்விடும். விலையைப் பற்றிய கசப்பான உண்மையை லிஸ்டிங் ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. ரியாலிட்டி டிவியில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏஜென்ட்டுகள் ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், காபி ஆறிக்கொண்டிருக்கிறது. 'விற்பவர் அவசரத்தில் இருக்கிறார், கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்' என்கிறார் ஒருவர். எதிரே இருப்பவர் கண்ணை விரிக்கிறார். பார்ப்பவர்களுக்குச் சுவாரசியம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரரின் இடத்திலிருந்து யோசியுங்கள். விவாகரத்தோ, கடனோ, வேறு ஊருக்குப் போகும் நெருக்கடியோ, எதை நம்பிச் சொன்னாரோ அதுவே இப்போது பேரத்தில் அவருக்கு எதிரான ஆயுதமாகிவிட்டது. அவருடைய ரகசியத்தைக் காப்பது ஏஜென்ட்டின் சட்டக் கடமை. கேமரா ஓடுகிறது என்பதால் அந்தக் கடமை தளர்ந்துவிடாது. எபிசோட் பல மாதம் கழித்துத்தானே வரும் என்பதும் சமாதானம் ஆகாது. படப்பிடிப்புக் குழுவில் இருபது பேர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

மிகப் பெரிய பணக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரில்கூட வீடு வாங்குவதில்லை. டிரஸ்ட் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வாங்குகிறார்கள். அப்படி ஒதுங்கியிருக்க விரும்புபவர் கேமராவோடு வரும் ஏஜென்ட்டை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். அதனால் புதிய வாடிக்கையாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: உங்கள் வீடோ பெயரோ பேச்சோ நீங்கள் எழுத்தில் சம்மதம் தராமல் நிகழ்ச்சியில் வராது.

ஊரைத் தெரிந்துகொள்ளாமல் அழகை மட்டும் விற்கப் போவதும் ஆபத்து. ஒரு உதாரணம் சொன்னால் புரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2023 ஏப்ரல் 1 முதல் 'மெஷர் யூஎல்ஏ' என்ற வரி இருக்கிறது. தொடங்கியபோது 50 லட்சம் டாலருக்கு மேல் விற்றால் 4 சதவீதம், ஒரு கோடியும் அதற்கு மேலும் என்றால் 5.5 சதவீதம், இந்த வரம்புகள் ஆண்டுதோறும் கொஞ்சம் உயர்கின்றன. வரி லாபத்தின் மீது கிடையாது, முழு விற்பனை விலையின் மீது. 1.2 கோடிக்கு விற்றால் 6.6 லட்சம் டாலர் போய்விடும். பெவர்லி ஹில்ஸும் வெஸ்ட் ஹாலிவுட்டும் தனி நகரங்கள், அங்கே இந்த வரி இல்லை. ஆனால் 'பெவர்லி ஹில்ஸ் போஸ்ட் ஆபீஸ்' என்று உள்ளூரில் அழைக்கும் மலைப்பகுதி இருக்கிறதே, அதன் அஞ்சல் எண் அதே புகழ்பெற்ற 90210, நிலமோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைச் சேர்ந்தது. அங்கே வரி உண்டு. முகவரியைப் பார்த்து 'பெவர்லி ஹில்ஸ்தானே' என்று சொல்லிவிட்ட ஏஜென்ட், விற்பவருக்கு எத்தனை லட்சம் டாலர் தப்புக்கணக்குக் கொடுத்திருப்பார் என்று பாருங்கள். மலைவீடு என்றால் காட்டுத்தீக் காப்பீட்டையும் முதல் வாரமே விசாரிக்க வேண்டும். 2025 ஜனவரி பாலிசேட்ஸ் தீக்குப் பிறகு வாங்குபவர்கள் அதைக் கேட்காமல் இருப்பதில்லை.

பேச்சிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். 'எங்க ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவா?' என்று அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். ஏஜென்ட் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி இனம், மதம், பூர்வீக நாடு போன்றவற்றை வைத்து ஒருவரை ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவது சட்டவிரோதம். பள்ளிகளின் மதிப்பெண், போக்குவரத்து, கடைகள் பற்றிய பொதுத் தகவலை எங்கே பார்க்கலாம் என்று காட்டிக் கொடுக்கலாம்.

பழைய சீசன்களைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2024 ஆகஸ்ட் 17 முதல், கமிஷன் தொடர்பான வழக்கில் ரியல்டர்கள் சங்கம் செய்துகொண்ட சமரசத்தின்படி, வாங்குபவரை வீடு பார்க்கக் கூட்டிப்போவதற்கு முன்பே கமிஷன் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சரி, டிவி வாய்ப்பு வந்தால்? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதையே தொழிலின் தொடக்கமாக நினைத்துக் காத்திருக்காதீர்கள். 'மில்லியன் டாலர் லிஸ்டிங் நியூயார்க்' மூலம் தெரியவந்த ரயன் செர்ஹான்ட் இந்தத் தொழிலுக்கு வந்தது 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலான நேரத்தில். முதலில் வாடகை வீடுகளைத்தான் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானது 2012இல், சொந்த நிறுவனம் 2020இல். நிகழ்ச்சி நின்றுபோகும் என்பதையும் மனதில் வையுங்கள்: இதே வகை நிகழ்ச்சிகளில் 'செல்லிங் டாம்பா' ஒரே சீசன், 'பையிங் பெவர்லி ஹில்ஸ்' இரண்டே சீசன். ஒப்பந்தத்தில் எடிட்டிங் உரிமை முழுக்கத் தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். சகாக்களோடு போட்ட சண்டை மட்டும் வெட்டி ஒட்டப்பட்டு, பத்து வருடம் கழித்தும் ஒரு வாடிக்கையாளர் உங்கள் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்கலாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்குப் பகுதியில் செவ்வாய்க்கிழமை என்றால் ஏஜென்ட்டுகளுக்கான திறந்தவீட்டு நாள். புதிதாகச் சந்தைக்கு வந்த வீடுகளை ஏஜென்ட்டுகள் ஒருவருக்கொருவர் திறந்து காட்டுவார்கள். குறுகலான மலைச்சாலையில் காரை ஓரம் கட்டி, வாசலில் பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். மதியம் எந்த அறையில் வெயில் விழுகிறது, சாலைச் சத்தம் எந்தப் படுக்கையறை வரை வருகிறது, மொட்டை மாடிக் கதவு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். புதிதாக வருபவர்கள் பலர் சோம்பல்பட்டுத் தவறவிடும் நாள் இது. வாரத்துக்குப் பத்து வீடு பார்த்தால் ஒரு வருடத்தில் ஐந்நூறு வீடு கிட்ட ஆகிவிடும். அப்புறம் ஒருவர் தன் வரவேற்பறையில் உங்களை உட்காரவைத்து 'இதற்கு என்ன விலை போகும்?' என்று கேட்கும்போது, அந்த ஐந்நூறில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மூன்று வீடுகளைச் சொல்லி உங்களால் பேச்சைத் தொடங்க முடியும்.