செம்பருத்தி மொட்டு உதிராமல் பூக்க

செம்பருத்தி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்ட செடி நெட்டையாக வளர்ந்து, உச்சியில் ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடுவது அதனால்தான். ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். கடுங்குளிரில் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று மாதம் பூ குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டியதில் பென்சில் தடிமனுள்ள கொம்பை 6 அங்குலத் துண்டாக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, இரண்டு கணு புதையும்படி ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர்விட 4 முதல் 8 வாரம் ஆகும். தளிர் வந்ததுமே பிடுங்கிப் பார்க்காதீர்கள். முதல் தளிர் கொம்பில் இருக்கும் சேமிப்பிலேயே வந்துவிடும், வேர் பிறகுதான்.

தொட்டி 12 அங்குலமாவது இருக்கட்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ஆறு மணி நேர வெயில் கட்டாயம்.

இனி மொட்டு உதிர்வு. உதிர்ந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே நெளியும் சின்னஞ்சிறு வெளிர்நிறப் புழு இருந்தால், அது மொட்டு ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். அதனால் உதிர்ந்ததையும் செடியில் மஞ்சளடித்ததையும் தினமும் பொறுக்கிப் பையில் கட்டி எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மொட்டுக்குள் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: ஒருநாள் காய்ச்சல், மறுநாள் வெள்ளம். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்ததும், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். தொட்டியை அடிக்கடி இடம் மாற்றினாலும் உதிரும். அடுக்குச் செம்பருத்தி இதிலெல்லாம் ஒற்றையைவிடத் தொட்டாற்சிணுங்கி.

பூக்கவேண்டுமென்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டி.ஏ.பி. உரத்தை அள்ளிப் போடுவது பெரிய தவறு. மணிச்சத்து மிகுந்தால் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. தளிரிலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இந்தச் செடி கேட்பது சாம்பல்சத்து (பொட்டாசியம்).

எறும்பு ஏறினால் இலைக்காம்புகளின் இடுக்கைப் பாருங்கள், பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். முட்டைகளைப் பொதிந்திருக்கும் பஞ்சுக்குள் மருந்து இறங்காது, அவை பொரித்து வெளியே வரும்போதுதான் பிடிக்க முடியும்.