டிரமடால் நின்றதும் வந்த ‘ஃப்ளூ’

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் சாப்பிட்ட டிரமடால் (அபின் போலச் செயல்படும் ஓபியாய்டு வகை வலி மாத்திரை), வலி அடங்கியதும் நின்றது. அடுத்த நாளே மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் காலை ஓரிடத்தில் வைக்க முடியாத குடைச்சல். ஃப்ளூ என்று பாராசிட்டமால் போட்டேன், கேட்கவில்லை. சளி மாத்திரையும் வீண். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

துப்புக் கொடுத்தது கொட்டாவிதான். பொட்டுத் தூக்கம் வராதவனுக்குக் கண்ணில் நீர் வழிய அடுக்கடுக்காகக் கொட்டாவி, கையெல்லாம் புல்லரிப்பு, ஆனால் தெர்மாமீட்டரில் காய்ச்சலே இல்லை. இதைச் சொன்னதும் மருத்துவர், “எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?” என்றார். வந்தது ஃப்ளூ இல்லை, பழகிப்போன டிரமடாலைச் சட்டென்று நிறுத்தியதால் உடம்பு காட்டிய விலகல் அறிகுறிகள்.

சரி, மறுபடி ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவானது. என்னிடம் மிச்சமிருந்தது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். அதனால் 50 மில்லிகிராம் கேப்ஸ்யூலுக்கு மாற்றி, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குறைத்தார். கால் குடைச்சல் அடங்கியது. கடைசிக் கேப்ஸ்யூல்தான் இழுத்தது, அதற்கு மட்டும் கூடுதல் அவகாசம். நடுவில் பழைய அளவுக்குத் தாவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உடம்பின் தாங்குதிறன் அதற்குள் இறங்கியிருக்கும், மூச்சே அடங்கிப்போகலாம்.