கேரவன் வேனில் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்திலிருந்து டிராவலர் வேனுக்குள் கட்டில், பிரிட்ஜ், சமையல் மேடை எல்லாம் அடித்துக்கொண்டு ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கிளம்புகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். இந்த வேன்களுக்கு வயரிங் செய்யும் பையன்கள் பெரும்பாலும் வீட்டு வேலையில் பழகியவர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒரு பிளக் பாயிண்ட் செத்துப் போனால், நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் பட்டறையில் நடந்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். சுவிட்ச் போட்டிருக்கிறதா, எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

எந்த பாயிண்டுக்கு எங்கிருந்து கரண்ட் என்று கேட்காமல் தொடங்குவது

வீட்டில் பெரும்பாலும் எல்லா பாயிண்டுக்கும் ஒரே சப்ளை. வேனில் அப்படியில்லை. வெளியிலிருந்து ஒயர் போட்டு எடுக்கும் சப்ளை ஒன்று, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் தருவது ஒன்று, சில வண்டியில் ஜெனரேட்டரும் உண்டு. ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்பியர் பாயிண்டை இன்வெர்ட்டரில் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். வண்டி ஓடும்போது அதில் கரண்ட் வராது, வரவும் கூடாது. அதைப் பழுது என்று நினைத்து நல்ல சாக்கெட்டைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. முதலில் வண்டிக்காரரிடம் கேளுங்கள்: எப்போது வேலை செய்தது, எந்த சப்ளையில் வேலை செய்தது?

டெஸ்டரை மட்டும் நம்புவது

டெஸ்டர் எரிகிறது, அதனால் கரண்ட் இருக்கிறது, சாக்கெட்தான் போச்சு. இப்படித்தான் முடிவுக்கு வருகிறார்கள். டெஸ்டர் காட்டுவது ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் ஒயரை, மட்டும்தான். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தால் அதற்குத் தெரியாது. அந்த லைனில் ஏதாவது ஒரு சாமான் செருகியிருந்தால், அதன் வழியாக ஃபேஸ் சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையிலும் டெஸ்டரை எரிய வைக்கும். இரண்டு ஓட்டையிலும் எரிந்தால் முதல் சந்தேகம் நியூட்ரல் மேல்தான் வர வேண்டும். ஆனால் இன்வெர்ட்டரில் ஓடும்போது இந்தக் கணக்கும் ஏமாற்றும். பல இன்வெர்ட்டர்களில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போதே இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் லேசாக எரியும்.

மல்டிமீட்டர் எடுங்கள். வெளி சப்ளையில் வைத்து மூன்று அளவு பாருங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதலாவதில் 230 வோல்ட் வராமல், இரண்டாவதில் வந்தால் நியூட்ரல் போயிருக்கிறது. 60, 80 என்று அரைகுறையாகக் காட்டினால் அதை லோ வோல்டேஜ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ அறுந்த ஒயரில் பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்டு நிற்கும் வோல்டேஜாக இருக்கலாம். 100 வாட் குண்டு பல்பு டெஸ்ட் லேம்பைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். அந்த வோல்டேஜால் பல்பை எரிக்க முடியாது.

நியூட்ரல் இல்லையென்றால் எர்த்திலிருந்து எடுத்துக்கொள்வது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு வண்டி வந்தது. சமையல் மேடைக்கு மேலே இருந்த பாயிண்ட் வேலை செய்யவில்லை என்று முதலில் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் இன்வெர்ட்டர் போச்சு என்று சொல்லிப் புதிது வாங்க வைத்தார். அப்புறமும் பாயிண்ட் எரியவில்லை. அடுத்து வந்த பையன் மீட்டர் வைத்து நியூட்ரல் வரவில்லை என்று சரியாகவே கண்டுபிடித்தான். அது எங்கே அறுந்தது என்று தேடாமல், சாக்கெட்டின் பின்னால் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிட்டான். பல்பு எரிந்தது. உடனே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சாதனம்) விழுந்தது.

விழத்தான் வேண்டும். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வராமல் எர்த்தில் போகிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழும்படி செய்த சாதனம் அது. ஆள் சாகாமல் இருக்கத்தான் அந்த அளவு வைத்திருக்கிறார்கள். பையன் என்ன செய்தான்? ஆர்.சி.சி.பி. வீக் என்று சொல்லி, அதைத் தாண்டி நேராக ஒயரை இழுத்துவிட்டான். எல்லா பாயிண்டும் எரிந்தது, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றது. அங்கே கிடைத்தது எர்த் இல்லாத இரண்டு பின் சாக்கெட். வேனில் எர்த் ஒயர் சேஸியோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) முடுக்கப்பட்டிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். ஃபேஸ் சாமானுக்குள் நுழைகிறது, நியூட்ரல் முனைக்கு வருகிறது, அங்கிருந்து துண்டு ஒயர் வழியாக எர்த்துக்கு, எர்த்திலிருந்து சேஸிக்கு. அதற்கு மேல் போக வழியில்லை, கீழே ரப்பர் டயர். படிக்கட்டு, கதவுக் கைப்பிடி, கண்ணாடி மாட்டிய கம்பி, எல்லாவற்றிலும் 230 வோல்ட். திரும்பிப் போக வழியில்லாததால் சாமான் ஓடாது. பார்க்கிறவனுக்கு அந்த பாயிண்ட் மறுபடி செத்த மாதிரிதான் தெரியும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, அவர்களைச் சுற்றி எல்லாமே ஒரே வோல்டேஜில் இருக்கிறது. தரையில் நின்று கைப்பிடியைத் தொடுகிறவர்தான் வழியாகிறார். மழை பெய்த ஈரம், டிரைவர் வெறுங்காலோடு இருந்தார். தூக்கி எறிந்ததால் பிழைத்தார். கை பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

உண்மையான பழுது என்ன தெரியுமா? பிரிட்ஜுக்குப் பின்னால், ஒயர்களைச் சேர்க்கும் ஒரு ஸ்ட்ரிப் கனெக்டரில் நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ். ஒரு ஸ்க்ரூ. வேன் ஓடும்போது அதிர்வில் தளர்ந்திருக்கிறது. அதற்காக ஒரு இன்வெர்ட்டரை வீணாக வாங்க வைத்தார்கள், ஒரு மனிதர் சாவின் விளிம்புவரை போய் வந்தார். இன்னும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் இதே துண்டு ஒயரை வேறு வண்டிகளிலும் பார்க்கிறேன். "தற்காலிகமாத்தான் போட்டேன்ணா" என்கிறார்கள். தற்காலிகமாகவும் போடாதீர்கள் தம்பி. அந்த பாயிண்டுக்கு வரும் ஃபேஸைக் கழற்றி மூடிவிட்டு, பாயிண்ட் வேலை செய்யாது என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நியூட்ரலைத் தேடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. சாக்கெட்டிலிருந்து சாக்கெட்டுக்கு லூப் அடித்திருப்பார்கள். கடைசியாக வேலை செய்யும் சாக்கெட்டுக்கும் முதலில் செத்த சாக்கெட்டுக்கும் நடுவில்தான் பழுது இருக்கும். அந்த இரண்டையும் திறந்து ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், கரண்ட் இல்லை என்று கை வைப்பது

பல வண்டிகளில் வெளி சப்ளையைப் பிடுங்கிய அடுத்த கணமே இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொள்ளும். வெளி ஒயரைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் நிறுத்தி, ஜெனரேட்டர் இருந்தால் அதையும் நிறுத்தி, மீட்டரில் சைபர் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். மண்டபத்து சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், ஒரு ஒயரை மட்டும் வெட்டும் ஒற்றை போல் எம்.சி.பி.யை இறக்கினாலும் சாக்கெட்டில் உயிர் இருக்கும். வேனுக்கு மெயின், இரண்டு ஒயரையும் வெட்டும் டபுள் போல்தான் போட வேண்டும்.

ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்தி எர்த் நன்றாக இருக்கிறது என்பது

எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயர்

வேனில் வேண்டாம். அதிர்வில் முறியும். பல இழை ஒயரும், அதன் முனையில் மாட்டி நெரிக்கும் பின் லக்கும் போடுங்கள்.

அமெரிக்க வீடியோவைப் பார்த்து பட்டன் தேடுவது

அங்கே 120 வோல்ட், சாக்கெட்டிலேயே ரீசெட் பட்டன் இருக்கும். ஒன்று விழுந்தால் அதிலிருந்து லூப் போன மற்றவையும் செத்துவிடும். நம் பக்கம் கட்டும் வண்டிகளில் அந்த வேலையை எம்.சி.பி.கள் மாட்டிய டி.பி. பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி. செய்கிறது. அங்கே பாருங்கள்.

லோடு போட்டதும் எல்லா பாயிண்டும் அணைந்தால் இன்வெர்ட்டரை மாற்றுவது

1500 வாட் கெட்டில் போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து குறைந்தது 125 ஆம்பியர் இழுக்கும், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூட. அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போக வர 4 மீட்டர் இழுத்திருந்தால், ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். இன்வெர்ட்டர் பேட்டரி காலி என்று நினைத்து கட் ஆகும். லோடு ஓடும்போதே பேட்டரி முனையில் ஒரு அளவு, இன்வெர்ட்டர் முனையில் ஒரு அளவு எடுங்கள். பேட்டரியில் 12.2, இன்வெர்ட்டரில் 10.6 என்று வந்தால் மாற்ற வேண்டியது கேபிளும் லக்கும்தான்.