இப்போது என்ன படிக்கிறீர்கள்? வாசிப்புப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும், வாசிப்பவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து தாம் தற்போது விரும்பிப் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசும் சிறு கூடல்கள் புதிதாகத் தொடங்கப்பட்டு வருகின்றன. அப்படி ஒரு கூடலைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்பதால் என்னையும் சிலர் அழைக்கிறார்கள். நானும் மகிழ்ச்சியோடு செல்கிறேன். சென்ற இடங்களில் எல்லாம், எங்கள் கூடலின் தொடக்க காலத்தில் எங்களிடையே இருந்த அதே தவறுகள் மீண்டும் நிகழ்வதைக் காண்கிறேன். இவை ஒரு கூடலைச் சில மாதங்களில் கலைத்துவிடக்கூடியவை என்பதால் எழுதி வைக்கிறேன்.

கூட்டத்தின் நடுவே கைபேசி ஒலிப்பது, தாமதமாக வருவது, துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று சொல்லிவிடுவது ஆகியவை தவறு என்பதை எவரும் சொல்லாமலே அறிவர். அவற்றை விட்டுவிடுகிறேன். நூல் வெளியீட்டு விழாவுக்கும் திறனாய்வுக் கூட்டத்துக்கும் உரிய நெறிகளையும் இங்கே பேசப்போவதில்லை. அங்கே படித்து முடித்த ஒருவர் பேசுகிறார். இங்கே புத்தகத்தின் நடுவில், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறியாமல் இருக்கும் ஒருவர் பேசுகிறார். கேட்பதற்கு இது எவ்வளவு இனிமையானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கதையை முதலில் இருந்து சொல்லுதல்

பேச எழும் புதியவர் பெரும்பாலும் நாயகன் பிறந்த ஊரில் இருந்து தொடங்குகிறார். ஐந்து நிமிடம் கழியும்போது நாயகனுக்குத் திருமணம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கேட்பவர்களின் கவனம் சிதறிவிடும், அடுத்து பேச வேண்டியவரின் நேரமும் போய்விடும். இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், நேற்று இரவு படித்ததில் எது உங்களைத் தூங்கவிடவில்லை, புத்தகத்தை மறுபடி கையில் எடுக்க வைப்பது எது என்ற மூன்றையும் சொன்னால் போதும். கதையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் புத்தகத்தைத் தேடிக்கொள்வார்.

மதிப்புமிக்க புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளுதல்

இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளால் நேரம்தான் வீணாகும். இதனால் மனிதர்களை இழக்க நேரும்.

ஒருவர் வீட்டில் படித்துக்கொண்டிருப்பது ஒரு மாத நாவலாகவோ குடும்பக் கதையாகவோ இருக்கும். கூடலுக்கு வந்ததும் அதை மறைத்து, எப்போதோ படித்த, அல்லது படிக்க வேண்டும் என்று வாங்கி வைத்திருக்கிற ஒரு கனமான நூலின் பெயரைச் சொல்வார். இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. உண்மையில் படிக்காதவர் நூலின் புகழைப் பேசுவார். படிப்பவர் நூலுக்குள் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பேசுவார். நம் ஊரையே களமாகக் கொண்ட 'காவல் கோட்டம்' நாவலை எடுத்துக்கொள்வோம். அது 1310 முதல் 1910 வரையிலான 600 ஆண்டுக் கதை, ஆயிரம் பக்கங்களைத் தாண்டுவது, 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது என்ற செய்திகளைச் சொல்லிவிட்டு அமர்ந்தவர்களை நான் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று கேட்டால் முகம் வாடிவிடும். அதே நாவலை மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் படித்து வந்த ஒரு பெண்ணும் எங்கள் கூடலில் பேசினார். மேல மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்பவர். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்ட கதையைப் படித்த பிறகு, தினமும் வேலைக்குச் செல்லும் வழியில் உள்ள மாரட் வீதியையும் பெருமாள் மேஸ்திரி வீதியையும் கடக்கும்போதெல்லாம் இவை அந்த இடிப்புக்குப் பிறகு உருவான தெருக்கள் என்ற நினைவு வருவதாகச் சொன்னார். விருதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று அவர் பேச்சைக் கேட்ட நால்வர் அந்த நாவலைத் தேடிப் படித்தார்கள்.

மறைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் 'கதைப்புத்தகம் படிக்காதே, பாடப்புத்தகத்தை எடு' என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாடப்புத்தகத்தை விரித்து அதற்குள் கதைப்புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள். ஐம்பது வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர் இது என்ற பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் பெயரால், பத்துப் பேர் முன் எழுந்து நின்றால் புலமையான ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்ற அச்சம் எளிய வாசகரிடம் ஏற்பட்டுவிடக் கூடாது.

என் கோபமெல்லாம் அந்த அச்சத்தை வளர்ப்பவர்கள் மீதுதான். எங்கள் கூடலுக்கு ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்துகொண்டிருந்தார். மாதந்தோறும் திருக்குறள் உரை ஒன்றில் இருந்து சில வரிகளைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அவருடைய மஞ்சள் பையில் இருந்து ஒரு மாத நாவலின் அட்டை எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, பையில என்ன புத்தகம்?" என்று இளைஞன் ஒருவன் அன்போடு கேட்டான். அவர் தயங்கினார்; பிறகு பேசத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கதைகளை மாறி மாறி அத்தியாயங்களில் நடத்திச் சென்று, கடைசி அத்தியாயத்தில் இரண்டையும் ஒரே முடிச்சில் சேர்க்கும் உத்தியை எந்த எழுத்தாளர் எப்படிக் கையாளுகிறார், அந்த முடிச்சு எங்கே தளர்ந்துவிடுகிறது, நல்ல கதையில் அதற்கான தடயம் எந்த இடத்தில் வைக்கப்பட்டுவிடும் என்று விளக்கினார். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் பேருந்துக்குக் காத்திருந்த காலத்தில் இருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அவர் படித்தவற்றின் சாரம் அது. கதை கட்டும் விதத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவரை எங்கள் கூடலில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் அனைவர் முன்னிலையிலும் அதைப் பேசும்படி கேட்டுக்கொண்டோம். அவரும் ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு நிமிடம் பேசியிருப்பார். விருந்தினராக வந்திருந்த தமிழறிஞர் ஒருவர் இடைமறித்து, "ஐயா, இதெல்லாம் இலக்கியத்தில் சேராது; நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்; அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் வரவில்லை. அன்று ரமணிசந்திரனின் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்த இரண்டு பெண்கள், தங்களுக்குப் பேச எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

நூலகவியலில் உலகம் ஏற்றுக்கொண்ட சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. இந்த நூல் உயர்ந்தது, அந்த நூல் தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தும் விதி எதுவும் அந்த ஐந்தில் இல்லை. சிவகாசியில் இருந்து 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோது அதைக் கையில் எடுத்த சிறுவர்கள் பலர் இன்று தாத்தாக்கள்; இன்றும் சிவகாசியில் இருந்து வரும் டெக்ஸ் வில்லர் கதைகளுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பேசவிட்டால் பிரிட்டனில் வெளிவந்த ஒரு படக்கதை நம் ஊர்ச் சிறுவனின் உள்ளத்தில் எப்படிக் குடியேறியது என்ற வரலாறு கிடைக்கும். பேசவிடாவிட்டால் அவர்களும் திருக்குறள் உரையின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார்கள். குறளை உண்மையாகவே இன்பத்துக்காகப் படிப்பவர் பேசும் நாளில் அவர் சொல்வதையும் எவரும் நம்பமாட்டார்கள் என்பது இதில் உள்ள இன்னொரு கேடு.

புதிதாகக் கூடல் தொடங்குபவர்கள் இதைத் தடுக்க எளிய ஏற்பாடுகளைச் செய்யலாம். நடத்துபவர் முதலில் பேச வேண்டும். தம் கையில் உள்ளவற்றில் மிக எளிய புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். "அண்மையில் படித்த நல்ல நூல் எது?" என்று கேட்டால் மனம் உடனே தேர்வு எழுதத் தொடங்கிவிடும், "நேற்று இரவு கையில் எந்தப் புத்தகம் இருந்தது?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். ஒருவர் பேசி முடித்ததும் அந்தப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும். விருந்தினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இங்கே எவருடைய தேர்வையும் இகழக் கூடாது என்பதை அவர் வருவதற்கு முன்பே பணிவோடு தெரிவித்துவிட வேண்டும். மீறி இகழ்ந்தால் அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு தனியே சென்று ஆறுதல் சொல்வதால், சபையில் அவமதிக்கப்பட்டவர் திரும்பி வருவதில்லை.

நடுவில் நின்று தீர்ப்பு சொல்லுதல்

படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மோசம் என்றோ ஒப்பற்றது என்றோ முடிவு கட்டிப் பேசுபவர்கள் உண்டு. ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு வரலாற்று நாவலின் முதல் பாகத்தில் இருப்பவர், கதை நகரவில்லை என்று சொல்லலாம். நாவல் தோல்வி என்று சொல்ல அவருக்கு இன்னும் உரிமை வரவில்லை. தாம் படித்த பக்கம் வரைக்கும் மட்டும் பேசுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. அடுத்த மாதம் கருத்து மாறியிருந்தால் அதைச் சொல்வது கூடலுக்கே விருந்து.

பாதியில் விட்டதை மறைத்தல்

விட்டால் விட்டேன் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் விட்டீர்கள் என்பதும் பிறருக்குப் பயன்படும்.

பட்டியல் வாசித்தல்

ஒருவருக்கு ஒரு புத்தகம்.

எழுதியவரையும் மொழிபெயர்த்தவரையும் விட்டுவிடுதல்

தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால், கேட்டவர் கடையில் போய் எதைத் தேடுவார்? ஆசிரியர், பதிப்பகம் இரண்டையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சொல்லுங்கள். சோவியத் நாட்டில் தமிழில் அச்சாகி மலிவு விலையில் வந்த ருசிய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் மதுரைப் பக்கத்தில் ஏராளம். டால்ஸ்டாயை அவர்கள் மறப்பதில்லை. அவர்களுக்காக மாஸ்கோவில் இருந்து மொழிபெயர்த்த ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோரின் பெயர்களைக் கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. அவர்களுடைய தமிழில் திளைத்தவர்கள் செய்யக்கூடிய மிகக் குறைந்த நன்றி அந்தப் பெயர்களை உச்சரிப்பதுதான்.

புத்தகம் எங்கே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்ததா, 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதா, பழைய புத்தகக் கடையில் கிடைத்ததா, புத்தகத் திருவிழாவில் வாங்கியதா என்று தெரிந்தால் கேட்பவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம். விலையைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு ஒதுக்குபவர்களுக்கு அது தேவையான தகவல்.

கையில் இருக்கும் புத்தகத்தை இரவல் கேட்டல்

அவர் படித்து முடிக்கட்டும்.

கைபேசியில் படிப்பதையும் ஒலிநூல் கேட்பதையும் கணக்கில் சேர்க்க மறுத்தல்

சேர்த்துக்கொள்ளுங்கள். கண்பார்வை மங்கியவர்களும் அடுப்படியில் கை ஓயாதவர்களும் கதையோடு உறவாட இன்று அதுவே வழி.

போன மாதப் புத்தகமே இந்த மாதமும் என்று வராமல் இருத்தல்

கூடலுக்கு வருவது நின்றுபோனவர்களை விசாரித்தால், புதிதாக எதையும் தொடங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் எங்களிடம் வருகிறார். பணியின் இடையே ஓய்வு கிடைக்கும்போது மட்டும் படிப்பவர் என்பதால், ஒரே நாவலோடு அவர் நான்கைந்து மாதங்கள் வருவது வழக்கம். ஒரு மாதத்தில் முப்பது பக்கம் நகர்ந்திருக்கும். சில மாதம் அதுவும் இருக்காது. ஆயினும் அவர் வந்ததும், சென்ற மாதம் வீட்டைவிட்டுப் போன அந்தப் பாத்திரம் திரும்பி வந்ததா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அவருடைய வேகத்திலேயே அந்தக் கதையை எல்லோரும் தொடர்கிறார்கள். ஆகவே புதிய உறுப்பினர் ஒருவரைச் சேர்க்கும்போதே, அதே புத்தகத்தோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். எதையும் படிக்க முடியாத மாதத்தில் கேட்பதற்காக மட்டும் வந்தாலும் ஒரு நாற்காலி இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.